தைப்பிங்: மழை ஊருக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

மலேசியா போகிறோம் என்று யார் சொன்னாலும், தைப்பிங்கில் இரண்டு இரவு தங்கிவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். நான் அங்கே மூன்று முறை போயிருக்கிறேன். மூன்றாவது முறை பினாங்கைக்கூட விட்டுவிட்டு நேராக அங்கேதான் போனேன். சொன்னவுடன் எல்லோரும் ஒரே மாதிரி கேள்விகளைக் கேட்கிறார்கள். அவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதி வைக்கலாம் என்று உட்கார்ந்தேன்.

தைப்பிங் எங்கே இருக்கிறது?

மலேசியாவின் மேற்குக் கரையில், பேராக் மாநிலத்தின் வடக்குப் பகுதியில். ஈப்போவுக்கும் பினாங்குக்கும் இடையில் இருக்கிறது. பேராக்கில் ஈப்போவுக்கு அடுத்த பெரிய ஊர் இதுதான், ஆனாலும் மாநகரம் என்று சொல்லத் தோன்றாது. ஒரு பக்கம் மலைத்தொடர், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் சதுப்புநிலக் காடும் கடலும், நடுவில் நேர்கோடு போட்ட மாதிரி தெருக்கள்.

அப்படி என்ன இருக்கிறது அங்கே?

இதற்குப் பதில் சொல்ல ஊரின் கதையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் இந்தப் பகுதிக்கு லாருட் என்று பெயர். மண்ணைத் தோண்டினால் வெள்ளீயம் கிடைத்தது, அங்கே அதைச் சுருக்கமாக ஈயம் என்பார்கள். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். அவர்கள் கீ ஹின், ஹாய் சான் என்று இரண்டு ரகசியக் கூட்டங்களாகப் பிரிந்து, சுரங்கத்துக்கும் தண்ணீருக்கும் சண்டை போட்டார்கள். 1861-இல் தொடங்கிய அந்தச் சண்டைகள் விட்டுவிட்டு 1874 வரை நடந்தன. அந்த வருடம் ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தாகி ஆங்கிலேயர் பேராக்குக்குள் நுழைந்தார்கள். சண்டை ஓய்ந்த ஊருக்குச் சீன மொழியில் 'பேரமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது.

அதன் பிறகு சுமார் 60 வருடம் பேராக்கின் தலைநகராக இருந்தது. ஈயப் பணம் புரண்டது. மலாயாவின் முதல் ரயில் பாதை, முதல் அருங்காட்சியகம், முதல் பொதுப் பூங்கா எல்லாம் இங்கேதான் வந்தன. ஊர்க்காரர்கள் இந்த 'முதல்' பட்டியலை விரல் விட்டுச் சொல்வார்கள், பொறுமையாகக் கேளுங்கள். 1937-இல் தலைநகரம் ஈப்போவுக்குப் போனது. ஈயமும் தீர்ந்தது. பழையதை இடித்துவிட்டு உயரமாகக் கட்ட யாருக்கும் அவசரம் இல்லாமல் போனது. அதனால் அந்தக் காலத்துக் கடைவீடுகளும், மணிக்கூண்டும், பள்ளிக்கூடங்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. காலையில் பலகைக் கதவைத் திறந்து கடை போடுகிறார்கள், சாயங்காலம் அதே கதவைச் சாத்துகிறார்கள். இதைப் பார்க்கத்தான் நான் போகிறேன்.

அப்புறம் ஏன் யாரும் போவதில்லை?

பினாங்கு பக்கத்தில் இருப்பதால்தான். பினாங்கிலிருந்து கோலாலம்பூருக்குக் காரில் போகிறவர்கள் மதியம் இறங்கி, ஏரியைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு, இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். மதியம் வெயில் கொளுத்தும், அல்லது மழை கொட்டும். இரண்டுமே ஊரைப் பார்க்க ஏற்ற நேரம் இல்லை. அப்படிப் போய்விட்டு வந்தவர்கள் "ஒன்றும் இல்லையே" என்கிறார்கள். விடியற்காலையையும் மழை விட்ட சாயங்காலத்தையும் பார்க்காதவர்கள் தைப்பிங்கைப் பார்க்கவில்லை என்றே நினைக்கிறேன்.

எப்படிப் போவது?

ரயில்தான் நல்லது. கோலாலம்பூர் சென்ட்ரலிலிருந்து வடக்கே போகும் இ.டி.எஸ். மின்ரயில்கள் தைப்பிங்கில் நிற்கின்றன. மூன்று, மூன்றரை மணி நேரம் ஆகும். விடுமுறை நாட்களில் டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்பதிவு செய்துவிடுங்கள். பினாங்குத் தீவிலிருந்து வருகிறவர்கள் படகில் பட்டர்வொர்த் வந்து அங்கே ரயில் ஏறலாம், ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

பேருந்தில் வந்தால் ஒன்றைக் கவனியுங்கள். தொலைதூரப் பேருந்துகள் ஊருக்குள் வருவதில்லை, சில கிலோமீட்டர் தள்ளி கமுந்திங் நிலையத்தில் இறக்கிவிடும். முதல் முறை இது தெரியாமல் இரவு எட்டு மணிக்குப் பெட்டியோடு இறங்கி நின்றேன். கிராப் செயலியில் வண்டி கிடைத்துவிடும், ஆனால் பகலில் வந்து சேர்வது நிம்மதி.

ஊருக்குப் பயணிகள் விமான சேவை கிடையாது. பினாங்கில் இறங்குவது வசதி. சென்னையிலிருந்து பினாங்குக்கு 2024 டிசம்பரில் நேரடி விமானம் தொடங்கினார்கள். நீங்கள் போகும் மாதத்தில் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

விசா வேண்டுமா?

2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் மலேசியா போகலாம். இந்தச் சலுகையை அவ்வப்போது நீட்டித்து வருகிறார்கள், கிளம்பும் முன் உறுதி செய்துகொள்ளுங்கள். இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் மின்னணு வருகை அட்டையை இணையத்தில் நிரப்ப வேண்டும். அது இலவசம். பணம் கேட்கும் தளங்களை நம்பாதீர்கள்.

மழை அவ்வளவு பெய்யுமா?

பெய்யும். தீபகற்ப மலேசியாவிலேயே அதிக மழை பெறும் ஊர் என்று பெயர் வாங்கியது. வருடத்துக்குச் சுமார் 4,000 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு. மலாக்கா நீரிணையிலிருந்து வரும் ஈரக் காற்று ஊருக்குப் பின்னால் சட்டென்று எழும் பிந்தாங் மலைத்தொடரில் முட்டி மேலே ஏறுகிறது. ஏறி, குளிர்ந்து, ஊரின் தலையிலேயே கொட்டுகிறது. முன்னொரு காலத்தில் இன்றைக்கு எத்தனை மணிக்கு மழை வரும் என்று பந்தயம் கட்டுவார்களாம். அங்கே வயதானவர்கள் யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் இந்தக் கதை வந்துவிடும்.

பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் பெய்யும். காலை வெளுப்பாக இருக்கும். ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மழை கூடுதல். ஜூன், ஜூலை கொஞ்சம் பரவாயில்லை. என்னைக் கேட்டால் மழைக்காகவே போகலாம். கடைவீடுகளின் முன்னால் ஐந்தடி அகலத்தில் கூரை போட்ட நடைபாதை இருக்கும். மழை வந்தால் எல்லோரும் அங்கே ஒதுங்குவார்கள். ஒரு காப்பி சொல்லிவிட்டு அங்கே உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் போவது தெரியாது.

ஏரிப் பூங்காவை எப்போது பார்க்க வேண்டும்?

காலை ஏழு மணிக்கு. பிறகு மழை விட்டதும் மறுபடியும்.

அந்த ஏரிகள் இயற்கையானவை இல்லை. ஈயம் எடுத்துவிட்டுக் கைவிட்ட சுரங்கக் குழிகள். 1880 வாக்கில் அவற்றைப் பூங்காவாக மாற்றும் வேலையைத் தொடங்கினார்கள். இப்போது 64 ஹெக்டேர். தோண்டிப் போட்ட நிலத்தை இவ்வளவு அழகாக மீட்க முடியும் என்று நேரில் பார்க்காமல் நம்ப மாட்டோம். எங்கே நின்றாலும் பின்னால் மலை தெரிகிறது, மழைக்கு மறுநாள் காலையில் அந்த மலையின் பாதி உயரத்தில் மேகம் படுத்திருக்கிறது.

கரையோரச் சாலையில் வரிசையாகத் தூங்குமூஞ்சி மரங்கள் நிற்கின்றன, 1884-இல் நட்டவை என்கிறார்கள். நம் ஊர்ச் சாலைகளில் பார்த்த அதே மரம்தான். ஆனால் இங்கே கிளைகள் சாலையைத் தாண்டி, படுத்தவாக்கில் நீண்டு, தண்ணீரைத் தொடும் அளவுக்கு இறங்கியிருக்கின்றன. கிளைகள் முழுக்கப் பெரணி முளைத்திருக்கிறது. மரத்துக்கு அடியில் உள்ள சாலையை இப்போது நடப்பவர்களுக்கு விட்டுவிட்டார்கள். சாயங்காலமானால் இலையை மடக்கிக்கொள்வதால் நாம் தூங்குமூஞ்சி என்கிறோம். மலாய்க்காரர்கள் இதே மரத்தை 'புக்குல் லிமா', அதாவது ஐந்து மணி மரம், என்கிறார்கள். இதைக் கேட்டதிலிருந்து அந்த மரத்தடியில் ஐந்து மணிக்கு நிற்காமல் நான் ஊர் திரும்பியதில்லை.

காலையில் வந்தால் ஊரே அங்கே இருக்கும். சீனப் பெரியவர்கள் கையை மெல்ல அசைத்து உடற்பயிற்சி செய்கிறார்கள், மலாய்க் குடும்பங்கள் நடக்கின்றன, வேட்டியை மடித்துக் கட்டிய தாத்தாவை ஒருமுறை பார்த்தேன். "பசியாறியாச்சா தம்பி?" என்று கேட்டார்.

தமிழில் பேசினால் புரியுமா?

பல இடங்களில் புரியும். கடையில், கோயிலில், வாடகை வண்டியில் தமிழ் காதில் விழும். அங்கே காலைச் சாப்பாட்டைப் 'பசியாறுதல்' என்பார்கள், ரிங்கிட்டை 'வெள்ளி' என்பார்கள். "எட்டு வெள்ளி அண்ணே" என்றால் எட்டு ரிங்கிட். வயதில் மூத்தவர்களை அண்ணே, அக்கா என்று கூப்பிட்டால் போதும், உடனே "எந்த ஊர்?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். மற்றவர்களிடம் ஆங்கிலம் ஓரளவு எடுபடும். நன்றி சொல்ல 'தெரிமா காசே' கற்றுக்கொள்ளுங்கள்.

தமிழர்களுக்கும் இந்த ஊருக்கும் என்ன தொடர்பு?

ரயிலில் தொடங்குகிறது. 1885 ஜூன் 1 அன்று தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகத்துக்கு மலாயாவின் முதல் ரயில் ஓடியது. ஈயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்ட பாதை, சுமார் 13 கிலோமீட்டர்தான். அதைப் போட்டவர்கள் இலங்கையிலிருந்து வரவழைக்கப்பட்ட பயனியர் படைப் பிரிவினர். அதன் பிறகு மலாயா ரயில்வே வளர வளர, யாழ்ப்பாணத்திலிருந்து ஆங்கிலம் படித்தவர்கள் எழுத்தர்களாகவும் நிலைய அதிகாரிகளாகவும் வந்துகொண்டே இருந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் பெரும்பாலும் ரப்பர் தோட்டங்களுக்குப் பால்மரம் வெட்ட, அதாவது மரத்தைக் கீறிப் பால் எடுக்க, வந்தார்கள், சாலை போடவும் தண்டவாளம் பதிக்கவும் வந்தார்கள். இரண்டு கூட்டமும் ஒரே மொழி பேசின, ஆனால் வாழ்க்கை ஒரே மாதிரி இல்லை. அங்கே பழைய குடும்பங்களோடு பேசினால் இந்த வித்தியாசம் மெதுவாக வெளியே வரும்.

அந்த முதல் பாதை இப்போது இல்லை, தண்டவாளத்தை எடுத்துவிட்டார்கள். போர்ட் வெல்டின் பெயரும் கோலா செபெத்தாங் என்று மாறிவிட்டது. ஆனால் அங்கே ஒரு காப்பிக் கடைக்கு முன்னால், கடைத்தெரு நடுவே, பழைய நிலையத்தின் பெயர்ப் பலகை மட்டும் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி (மலாய் மொழியை எழுதும் அரபு எழுத்து), சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில் ஊர்ப் பெயர். ரயிலும் இல்லை, நடைமேடையும் இல்லை, நடுத்தெருவில் தமிழ் எழுத்து நிற்கிறது. அதைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. எதிரே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

கோலா செபெத்தாங்கில் வேறு என்ன பார்க்கலாம்?

கரிச் சூளையை விட்டுவிடாதீர்கள்.

ஊரைச் சுற்றி மாத்தாங் சதுப்புநிலக் காடு, சுமார் 40,000 ஹெக்டேர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டம் போட்டு வெட்டி, திரும்ப நட்டுப் பாதுகாத்து வருகிறார்கள். ஒரு பகுதியை வெட்டினால் மறுபடி வெட்ட ஏறக்குறைய 30 வருடம் காத்திருக்க வேண்டும். வெட்டுவது 'பக்காவ்' மரம், நம் பிச்சாவரத்தில் பார்க்கும் சுரபுன்னையின் இனம். கட்டைகள் படகில் கால்வாய் வழியாகச் சூளைக்கே வந்து சேர்கின்றன. பட்டையை உரித்து, குவிமாடம் போன்ற செங்கல் சூளைக்குள் நிற்கவைத்து அடுக்குகிறார்கள். வாசலில் மட்டும் தீ, கட்டைகளைத் தீ நேரடியாகத் தொடுவதில்லை. சூட்டிலேயே ஈரம் வெளியேறிக் கட்டை கரியாகிறது. அடுக்குவதிலிருந்து ஆறவைத்து எடுப்பதுவரை ஒரு மாதம் ஆகிறது. ஒரு சூளையில் சுமார் 40 டன் பச்சைக் கட்டை போனால் 10 டன் கரி வருகிறது.

உள்ளே எப்போது வெந்தது என்று எப்படித் தெரியும்? புகையின் நிறத்தையும் வாசனையையும் வைத்துத்தான் சொல்கிறார்கள். வருகிறவர்களைச் சில சூளைகளில் உள்ளே விட்டு விளக்கிச் சொல்கிறார்கள். காலையில் போங்கள், வேலை செய்கிறவர்களின் வழியை மறிக்காமல் நில்லுங்கள், படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

இருட்டியதும் படகில் மின்மினி பார்க்கக் கூட்டிப்போகிறார்கள். நிலவு இல்லாத இரவு நல்லது. மழை பெய்து ஓய்ந்திருந்தால் படகு போகுமா என்று கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். தைப்பிங்கிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர்தான் தூரம், ஆனால் திரும்ப வண்டி கிடைப்பது கடினம். போன வண்டியையே காத்திருக்கச் சொல்லுங்கள்.

அருங்காட்சியகம் போகலாமா?

போகலாம். 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழையது. பழங்குடி மக்களின் பொருட்கள், பாடம் செய்த விலங்குகள், பழைய ஆயுதங்கள் என்று அந்தக் காலத்து அருங்காட்சியக முறையிலேயே வைத்திருக்கிறார்கள். கட்டடமே பார்க்க வேண்டிய ஒன்று. பராமரிப்புக்காக மூடுவதுண்டு, விசாரித்துக்கொள்ளுங்கள். எதிரே இருப்பது 1879-இல் கட்டிய சிறைச்சாலை. அது இன்னும் சிறைதான், வெளியே நின்று படம் எடுக்க வேண்டாம்.

போர்க் கல்லறைக்குப் போக வேண்டுமா?

போங்கள். மலைக்குப் போகும் சாலையில், ஏரிப் பூங்காவைத் தாண்டி இருக்கிறது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வடக்கிலிருந்து இறங்கி வந்தபோது அவர்களை எதிர்த்து நின்ற படையில் பெரும் பகுதி இந்திய ராணுவம். இங்கே 850-க்கும் மேற்பட்டவர்கள் புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பாதிக்கும் மேல் பெயர் தெரியாதவர்கள். நடுவில் சாலை. ஒரு பக்கம் கிறிஸ்தவர்கள், எதிர்ப்பக்கம் முஸ்லிம்களும் கூர்க்காக்களும் மற்ற இந்திய வீரர்களும். பெரும்பாலான பயணிகள் முதல் பக்கத்தோடு திரும்பிவிடுகிறார்கள். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கமும் போய் நின்றுவிட்டு வாருங்கள். இந்தியத் துணைக்கண்டத்திலிருந்து போனவர்கள் அவர்கள்.

மலை மேல் ஏற முடியுமா?

ஊருக்குப் பின்னால் இருப்பது புக்கிட் லாருட், பழைய பெயர் மேக்ஸ்வெல் ஹில். 1,250 மீட்டர் உயரம், ஆங்கிலேயர் காலத்து மலைவாசத் தலம். குறுகலான, வளைந்து வளைந்து போகும் சாலையில் சொந்த வண்டிகளுக்கு அனுமதி கிடையாது, அரசு ஜீப்தான் மேலே போகும். நிலச்சரிவால் அந்த ஜீப் நீண்ட காலம் ஓடாமல் இருந்தது. உங்கள் பயணத்தின்போது ஓடுகிறதா என்று தங்கும் இடத்தில் கேளுங்கள். ஓடாவிட்டாலும் அடிவாரத்திலிருந்து காலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வரலாம். அட்டைப்பூச்சி இருக்கும், காலுறை அவசியம்.

சாப்பாடு எப்படி?

இந்த ஊரைப் பினாங்குக்காரர்களே சாப்பாட்டுக்காகத் தேடி வருகிறார்கள். சார் குவே தியாவ் என்னும் வறுத்த பட்டையான அரிசி நூடுல்ஸ் இங்கே கொஞ்சம் ஈரப்பதமாக, மீன் உருண்டை போட்டு வரும். கோலா செபெத்தாங் பக்கம் போனால் மீ ஊடாங், பெரிய இறால் போட்ட நூடுல்ஸ், கட்டாயம். பழைய நகரப் பகுதியில் செண்டோல் கடைகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன: தேங்காய்ப் பால், பனைவெல்லப் பாகு, பச்சை நிறத்தில் புழு மாதிரி அரிசிமாவுத் துண்டுகள், மேலே சீவிய ஐஸ். அதோடு பசெம்பூர் (காய்த்துண்டுகள், பொரித்த வடைகள் மேல் காரச் சாறு ஊற்றியது) ஒரு தட்டு.

1933-இல் தொடங்கிய ஆந்தோங் காப்பி ஆலை இன்னும் விறகு அடுப்பில் கொட்டை வறுக்கிறது. உள்ளே போய்ப் பார்க்கலாம், காப்பித்தூளும் வாங்கிக்கொள்ளலாம்.

சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு, தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் மாமாக் கடையில் நம் பரோட்டா மாதிரி ரொட்டி சானாய் உண்டு (பருப்புக் குழம்பு கேளுங்கள், இல்லாவிட்டால் மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள்). புத்த மதத்தவர் நடத்தும் சீன சைவக் கடைகளும் இருக்கின்றன. சாதாரணக் கடையில் பத்து வெள்ளி அளவில் வயிறு நிறைந்துவிடும்.

வயதானவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா?

தாராளமாக. என் அம்மாவை 68 வயதில் கூட்டிப்போனேன். தரை சமம், தூரம் குறைவு, கூட்டம் இல்லை. குழந்தைகளுக்கு 1961-இல் தொடங்கிய விலங்குக்காட்சி சாலை பூங்காவை ஒட்டியே இருக்கிறது, இரவிலும் திறக்கிறார்கள். நடைபாதைகளில் கடைக்குக் கடை படி ஏறி இறங்கும், முட்டி வலி உள்ளவர்கள் பார்த்து நடக்க வேண்டும்.

எங்கே தங்குவது?

பழைய நகரத்துக்குள், அல்லது ஏரிக்குப் பக்கத்தில். இரண்டிலும் எல்லா விலையிலும் விடுதிகள் இருக்கின்றன. விலை குறைவு என்று கமுந்திங் பக்கம் எடுத்துவிடாதீர்கள், காலை ஏழு மணிக்கு ஏரிக்கு நடந்து வர முடியாது.

இரண்டு நாளை எப்படிப் பிரிப்பது?

மதிய ரயிலில் வந்து சேருங்கள். மழை பெய்தால் பெய்யட்டும், அறையில் தூங்குங்கள். விட்டதும் ஏரிக்குப் போய், ஐந்து மணிக்கு அந்த மரத்தடியில் இருங்கள். மறுநாள் காலை மறுபடியும் ஏரி, பிறகு பசியாறிவிட்டு அருங்காட்சியகம், போர்க் கல்லறை, செண்டோல். மூன்று மணிக்கு மேல் கோலா செபெத்தாங் போய்ப் பெயர்ப் பலகை, இறால், இருட்டியதும் மின்மினி. சூளையில் வேலை நடப்பதைப் பார்க்க ஆசைப்பட்டால் வரிசையை மாற்றி, செபெத்தாங்கைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் நாள் ரயிலுக்கு முன் பழைய தெருக்களில் சும்மா நடங்கள்.

கடைசியாக, என்ன எடுத்துப் போக வேண்டும்?

நல்ல குடை ஒன்று, சீக்கிரம் காயும் செருப்பு, கைப்பேசிக்குத் தண்ணீர் புகாத பை. குடையை மறந்தாலும் பரவாயில்லை, அங்கே எந்தக் கடையிலும் விற்கிறார்கள்.